குழி முறை

எங்கள் கல்லூரியில் எந்த வேலையை வேண்டுமானாலும் மாற்றிக்கொள்ளலாம். தொழுவத்து முறை வந்தவன் சமையற்கட்டு முறைக்காரனிடம் கெஞ்சி மாற்றிக்கொள்வான். வாழைக்குத் தண்ணீர் பாய்ச்சுகிறவன் ஜெபக்கூடம் பெருக்குகிறவனிடம் பேரம் பேசுவான். ஒன்றை மட்டும் மாற்ற முடியாது. அது குழி முறை. வளாகத்துக்குள் யாராவது இறந்துபோனால் அவர்களுக்குக் குழி வெட்டுகிற முறை. அந்த வாரம் கரும்பலகையில் யார் பெயர் இருக்கிறதோ அவன் மம்பட்டியை எடுத்துக்கொண்டு போக வேண்டியதுதான். காய்ச்சல் என்று சொன்னால், சரி, மேலே உட்கார்ந்து மண்சட்டியை வாங்கிக் கொட்டு என்பார்கள்.

பெண்பிள்ளைகளுக்குக் குழி முறை கிடையாது. அன்றைக்கு எங்களுக்குச் சோறு பொங்குகிற முறை.

கல்லூரி என்றவுடன் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். பாளையங்கோட்டையிலிருந்து ஸ்ரீவைகுண்டம் போகிற பக்கம், ஆற்றுக் கால்வாய் ஒன்றை ஒட்டிக் கொஞ்சம் ஓட்டுக் கட்டடங்கள், ஒரு ஜெபக்கூடம், வயல், வாழை, தொழுவம், மேற்கு மூலையில் கல்லறைத் தோட்டம். வேதபாடமும் பட்டப் படிப்பும் பாதி நாள், கைவேலை பாதி நாள். வெளியாள் கூலிக்கு உள்ளே வரக் கூடாது என்பது ஆதி நாளிலிருந்து சட்டம். கக்கூஸ் கழுவுவதிலிருந்து ஓடு மாற்றுவது வரை மாணவர்களும் ஆசிரியர்களும்தான். டவுண் பஸ் கண்டக்டருக்கு எங்கள் கல்லூரியின் நீண்ட பெயர் வாயில் நுழையாது. "மம்பட்டிக் காலேஜ்லாம் எறங்கு" என்பார். நாங்களும் இறங்கிவிடுவோம்.

அங்கே நான் படித்தேன். பிறகு அங்கேயே கணக்கு டீச்சர் ஆனேன். பழைய மாணவர்கள் கூடினால் அந்த நாட்களைச் சொல்லிச் சொல்லிக் கண் கலங்குவார்கள். எனக்குக் கலங்காது. விடியும் முன் மணி அடித்து எழுப்பி, குளிர்ந்த தண்ணீரில் குளிக்க வைத்து, முழங்காலில் நிறுத்தி, கஞ்சி ஊற்றி, வயலுக்கு அனுப்புவார்கள். மத்தியானம் வகுப்பில் பாதிப் பேர் தூங்குவோம். தூங்கியதற்குச் சாயங்கால ஜெபத்தில் மன்னிப்புக் கேட்கச் சொல்வார்கள். கடவுளுக்கு வேறு வேலை இருக்காதா என்று நான் ஒரு தடவை கேட்டுவிட்டு ஒரு வாரம் தொழுவத்தில் சாணி அள்ளினேன்.

குழி முறை வந்த கதையை முதலாண்டு மாணவர்களுக்குத் தவறாமல் சொல்வார்கள். ஒரு வெள்ளைக்காரரும் உள்ளூர் உபதேசியார் ஒருவரும் சேர்ந்து ஆரம்பித்த இடம் இது. சீமையிலிருந்து வர வேண்டிய உதவி வரவில்லை. சரி, பையன்களே கட்டட்டும் என்று செங்கல் அறுக்க விட்டார்கள். முதல் மழைக்கே கூரை இறங்கியது. இறையியல் படித்தவர் போட்ட கணக்கு அப்படி. அந்தக் காலத்தில் விஷக்காய்ச்சல் கண்டு ஒரு பையன் இறந்துபோனான். கூலிக்காரரிலும் ஏழையான வீட்டுப் பையன். அவன் ஊர் ஆற்றுக்கு அந்தப் பக்கம், ஆற்றில் வெள்ளம். இங்கேயே அடக்கம் பண்ண வேண்டியதாயிற்று. யார் வெட்டுவது? ஊரில் அதற்கென்று ஒரு கூட்டத்தாரை வைத்திருந்தார்கள். வளாகத்துக்குள் கூலியாள் வரக் கூடாது. பையன்கள் ஒருவன் முகத்தை ஒருவன் பார்த்துக்கொண்டு நின்றார்கள். ஜெபம் பண்ணச் சொன்னால் ஓடி வந்திருப்பார்கள். கடைசியில் வெள்ளைக்காரர் சட்டையைக் கழற்றிவிட்டு இறங்கினார். அடுத்து உபதேசியார் இறங்கினார். பொழுது சாய்வதற்குள் பையன்களும் இறங்கினார்கள். மறுநாள் காலை ஜெபக்கூடத்துப் பலகையில் மற்ற வேலைகளோடு குழி முறையும் ஏறிவிட்டது.

அதற்கு அடுத்த நாட்களில் பல ஊர்களிலிருந்து அப்பாமார் மாட்டு வண்டி கட்டிக்கொண்டு வந்து பிள்ளைகளை அழைத்துப் போனார்கள். இரட்சிக்கப்படுவதில் அவர்களுக்கு ஆட்சேபம் இல்லை. குழி வெட்டுவதில்தான் இருந்தது. கல்லூரி கடைசிவரை சிறிசாகவே நின்றுபோனதற்கு ஆயிரம் காரணம் சொல்வார்கள். என்னைக் கேட்டால் அந்தக் குழிதான் காரணம். அதற்காக அங்கே வெட்டினவர்கள் எல்லாம் மாறிவிட்டார்கள் என்றும் நான் சொல்ல மாட்டேன். யாருக்கும் குழி வெட்டுவேன் என்று சாட்சி சொன்னவன், கல்யாணம் என்று வந்ததும் சொந்தத்துக்குள்ளேயே பெண் தேடிக் கட்டிக்கொண்டு போனான். அந்தப் பத்திரிகைகள் எனக்கும் வந்தன. நானும் போய்ப் பிரியாணி சாப்பிட்டேன்.

குழி முறையோடு ஒட்டிய வழக்கம் ஒன்று உண்டு. அடக்கம் முடிந்ததும் குழி வெட்டினவர்களுக்குத்தான் முதல் பந்தி. இறந்தவர் வீட்டார் தங்கள் கையாலேயே பரிமாற வேண்டும். ஜெபம் நடத்தின சபை ஐயர், முதல்வர், தூரத்திலிருந்து வந்த பெரியவர்கள் எல்லாரும் அவர்கள் எழுந்த பிறகுதான் உட்கார வேண்டும்.

என் அப்பா அங்கே தமிழ் வாத்தியார். நான் மாணவியாக இருந்தபோது வகுப்பிலேயே சாய்ந்து இறந்துபோனார். அன்று குழி முறையில் இருந்தவர்களில் ஒருவர் ஒல்லியாக, கட்டையாக, சட்டை முழுக்கச் செம்மண்ணோடு பந்தியில் உட்கார்ந்திருந்தார். உள்ளங்கை கொப்பளம் உடைந்து சோற்றைப் பிசைய முடியாமல் விரல் நுனியால் எடுத்துக்கொண்டிருந்தார். நான் அழுதுகொண்டே ரசம் ஊற்றினேன். "மோர் ஊத்துங்க, ரசம் எரியுது" என்றார். எங்களுக்குள் முதல் பேச்சு அதுதான். அவர் என்ன ஆள், நான் என்ன ஆள் என்று பிறகு இரண்டு வீட்டிலும் சண்டை நடந்தது. அப்பாவுக்குக் குழி வெட்டின கை என்று நான் பிடிவாதமாக நின்றேன். அவரையே கட்டிக்கொண்டேன்.

அவர் படிப்பு முடித்து அங்கேயே வேலைப் பொறுப்பாளர் ஆனார். பலகையில் முறை எழுதுவது, கருவிகளைத் தீட்டி வைப்பது, வேலை நேரத்தில் கூடவே நிற்பது அவர் பாடு. பிள்ளைகள் வேலை சார் என்று கூப்பிட்டார்கள். எங்களுக்குப் பிள்ளை இல்லை. அதைப் பற்றி அவர் ஒருநாளும் பேசியதில்லை. நான் நிறையப் பேசியிருக்கிறேன்.

ஓய்வு பெற்ற பிறகும் பின்பக்கத்துக் குடியிருப்பிலேயே எங்களை இருக்க விட்டார்கள். மூன்றாம் தலைமுறைப் பிள்ளைகள் வர வரக் குறைந்தார்கள். பாதி நாள் சேற்றில் நிற்க எந்தத் தாய் தகப்பன் இப்போது அனுப்புவார்கள்? ஆட்சிக்குழு கூடிப் பேசி, கைவேலையை நிறுத்திவிட்டு, வரும் ஆனியிலிருந்து மற்ற கல்லூரிகளைப் போல இதையும் நடத்துவது என்று முடிவு செய்தது. சமையல், துப்புரவு, தோட்டம் எல்லாம் காண்டிராக்ட். அந்த முடிவு வந்த மாசியில்தான் என் வீட்டுக்காரருக்கு வயிற்றில் வந்தது இன்னதென்று தெரிந்தது. பாளையங்கோட்டை டாக்டர் படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, கோடை தாண்டுவது கஷ்டம் என்று என்னிடம் தனியாகச் சொன்னார். வீட்டுக்கு வந்து நான் வாயைத் திறப்பதற்குள், "டாக்டர் சொன்னது எனக்கும் கேட்டுது. கதவு சாத்தல" என்றார் இவர்.

அதற்குப் பிறகு அவருக்கு ஒரே ஒரு கவலைதான் இருந்தது. வலியோ மருந்தோ நான் தனியாகிவிடுவேன் என்பதோ அவரை அப்படி அரிக்கவில்லை. குழி முறைப் பிள்ளைகள் சித்திரையோடு போய்விடுவார்கள். தான் அதற்குப் பிந்தி இறந்தால் தனக்கு யார் வெட்டுவார்கள் என்பதுதான் கவலை.

"செத்த பெறகு யாரு வெட்டினா என்ன? உங்களுக்குத் தெரியவா போவுது?" என்று கேட்டேன்.

"எனக்குத் தெரியாது. வெட்டுறவனுக்குத் தெரியும்லா" என்றார்.

முதல்வரிடம் போய்க் கேட்டார். முதல்வர் இவரிடம் வேலை பழகினவர்தான், நல்ல மனிதர். "ஜெபித்துவிட்டுச் சொல்கிறேன் சார்" என்றார். எங்கள் வளாகத்தில் அதற்கு இல்லை என்று அர்த்தம்.

கடைசி வாரம் வந்தது. காலை ஜெபம் முடிந்து பிள்ளைகள் வெளியே வந்து பலகையைப் பார்த்தால், கோணல் மாணலான எழுத்தில் குழி முறை என்று எழுதி, கீழே வெட்டுகிறவர்கள் பெயர் மட்டும் இருக்கிறது. யாருக்கு என்று வழக்கமாக எழுதுகிற இடம் காலி. பிள்ளைகள் எங்கள் வீட்டுக்கு ஓடி வந்தார்கள். இவர் வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் தலையில் துண்டைப் போட்டு உட்கார்ந்திருந்தார்.

"சார், யாரு செத்தது?"

"நான்தான் லே."

"என்ன சார் சொல்லுதீய?"

"இன்னும் சாகல. நீங்க போன பெறகு செத்தா எனக்கு யாரு வெட்டுவா? அதான் முந்தியே வெட்டிருவோம்னு பாத்தேன். போங்க லே, வெயிலுக்கு முந்தி ஆரம்பிங்க."

உயிரோடு இருக்கிற மனிதருக்குக் குழி வெட்டுகிற புத்தி உலகத்தில் வேறு எவருக்கும் வந்திருக்காது. எனக்கு வந்த கோபத்தில் அடுப்பில் இருந்த பாலைப் பொங்க விட்டேன். பிள்ளைகளோ பாவம், மாட்டேன் என்று சொல்லப் பழகாத பிள்ளைகள். பலகையில் எழுதிவிட்டால் செய்துதான் ஆக வேண்டும் என்று வளர்க்கப்பட்டவர்கள். அழுதுகொண்டே வெட்டினார்கள். இவர் குழியோரம் நாற்காலியைப் போட்டுக்கொண்டு, "மூல சரியில்ல. பைய வெட்டு லே. மனுசன் படுக்கணும்லா?" என்று அதட்டிக்கொண்டிருந்தார். ஒரு தடவை உள்ளே இறக்கிவிடச் சொல்லி நின்று அளவு பார்த்தார். சின்னவன் ஒருவன் அதைப் பார்த்துச் சிரித்துவிட்டான், மற்றவர்களும் சிரித்தார்கள், இவரும் சிரித்தார். வாழைத்தோட்டம் வரைக்கும் அந்தச் சிரிப்பு கேட்டது.

குழி முடிந்தால் பந்தி உண்டே. இறந்தவர் வீட்டார் நான் ஒருத்திதான். தேங்காய்ப்பாலில் சொதி வைத்து, இஞ்சித் துவையல் அரைத்து, என் கையாலேயே பரிமாறினேன். இவரும் பந்தியில் உட்கார்ந்துகொண்டார்.

"ஏ பிள்ள, சொதி நல்லா இருக்கு. சாவுக்கு இம்புட்டு ருசியாவா வைப்பாவ?" என்றார்.

நான் கரண்டியைப் போட்டுவிட்டு உள்ளே போய்விட்டேன்.

சித்திரையில் பிள்ளைகள் ஒவ்வொருவராகக் காலில் விழுந்து ஜெபம் வாங்கிக்கொண்டு போனார்கள். வளாகம் காலியானது. இவர் இறந்துபோகவில்லை.

இதைச் சொல்ல எனக்கு வெட்கமாகத்தான் இருந்தது. வைகாசி போயிற்று, ஆனி வந்தது. டாக்டருக்கே ஆச்சரியம். குழியின் மேல் பலகை போட்டு, அதன் மேல் தகரத்தைப் போட்டு, நான்கு மூலையிலும் கல் வைத்திருந்தோம். காலையில் பல் விளக்கியதும் இவர் கம்பை ஊன்றிக்கொண்டு போய் ஒரு தரம் பார்த்துவிட்டு வருவார். கோடை மழை பெய்த அன்று உள்ளே தவளை விழுந்துவிட்டது என்று என்னை வாளி எடுத்து வரச் சொன்னார். சுகத்துக்காக ஜெபிக்க வந்த சகோதரிகளை அழைத்துப் போய்க் குழியைக் காட்டினார். அவர்கள் அதற்குப் பிறகு வரவில்லை. பால்காரர் என்னிடம், "அம்மா, வெறுங்குழிய தெறந்து வைக்கப்படாது. அது யாரையாவது கேக்கும்" என்றார். மூடநம்பிக்கை என்று அவரை அதட்டி அனுப்பினேன். அன்றைக்குத் தூக்கம் வரவில்லை.

ஆனியில் கல்லூரி திறந்தபோது புதுப் பிள்ளைகள் வந்தார்கள், காண்டிராக்ட் ஆட்களும் வந்தார்கள். சமையற்கட்டுக்கு வந்தவர் மாஞ்சோலைக்காரர். தலைமுறை தலைமுறையாக மலை எஸ்டேட்டில் தேயிலை பறித்த குடும்பம். எஸ்டேட்டை மூடி எல்லாரும் கீழே இறங்கியபோது அவரும் மனைவியும் இறங்கி, எங்கள் கால்வாய்க்கு அந்தப் பக்கம் வாடகைக்கு வீடு பிடித்திருந்தார்கள். நல்ல உயரமான மனிதர். கீழே உள்ள சூடு ஒத்துக்கொள்ளாமல் எப்போதும் தோளில் ஈரத்துண்டு போட்டிருப்பார். காலையில் இவர் குழி பார்க்கப் போகிற நேரம் அவர் பீடி குடிக்க வருவார். கல்லூரிக்குள் பீடி கூடாது. கல்லறைத் தோட்டத்துச் சுவருக்குப் பின்னால் என்றால் யாரும் கேட்பதில்லை. இரண்டு பேரும் சுவரில் சாய்ந்து பேசிக்கொண்டிருப்பார்கள். வெளியாளை உள்ளே விடாத சட்டத்தை ஆயுள் முழுக்கக் காத்தவர், முதல் முதலாக வந்த வெளியாளோடு இப்படி ஒட்டிக்கொண்டார். "மேல அவர் அய்யாவும் அம்மையும் தேயிலைக்கு நடுவுல கெடக்காவளாம். கல்லறைத் திருநாளுக்குப் போய் ஒரு மெழுகுதிரி கொளுத்த முடியலங்காரு" என்று ஒருநாள் என்னிடம் சொன்னார். நான் மாத்திரையை எடுத்துக் கொடுத்தேன்.

ஆவணியில் அந்த மனிதர் சமையற்கட்டில் சாம்பார் அண்டாவை இறக்கிவைத்துவிட்டு, நெஞ்சைப் பிடித்துக்கொண்டு அதன் பக்கத்திலேயே உட்கார்ந்தார். எழுந்திருக்கவில்லை.

உடலைப் பக்கத்து ஊர் கிறிஸ்தவக் கோயில் கல்லறைக்குக் கொண்டு போகக் கேட்டார்கள். அங்கே சபைப் பதிவில் பெயர் இல்லை என்றார்கள். பதிவைப் பற்றிப் பேசுவதற்கு முன்னால் எந்த ஆள் என்று விசாரித்தார்கள் என்பதையும் எழுதிவிடுகிறேன். கார்ப்பரேஷன் இடத்துக்குக் கொண்டு போகலாம் என்று காண்டிராக்டர் சொன்னார். அவர் மனைவி ஆம்புலன்ஸ் படியில் உட்கார்ந்திருந்தாள். இவருக்குச் செய்தி தெரிந்ததும் கம்பைக்கூட எடுக்காமல் எழுந்தார்.

"இங்கன கொண்டு வரச் சொல்லு. குழி ரெடியா இருக்கு."

நான் குறுக்கே நின்றேன். "உங்களுக்குக் கிறுக்கா பிடிச்சிருக்கு? அது உங்க பிள்ளைக உங்களுக்கு வெட்டினது. நாளைக்கு உங்களுக்கு யாரு வெட்டுவா?"

"பலகையில யாரு பேரும் எழுதலையே" என்றார்.

நான் சண்டை போட்டேன். ஊருக்கு நல்லவர், வீட்டுக்கு ஆகாதவர் என்றேன். எனக்கு அந்த இறந்தவர் மேலும் கோபம், படியில் உட்கார்ந்திருந்த அந்தப் பெண் மேலும் கோபம். என் மனிதர் இத்தனை வருஷத்தில் தனக்கென்று கேட்ட ஒரே பொருள் அது. அதையும் யாரோ ஒருவருக்குத் தூக்கிக் கொடுக்கிறார் என்று வயிறு எரிந்தது. அப்போது எரிந்தது, இப்போதும் முழுதாக ஆறவில்லை.

முதல்வர் வந்தார். காண்டிராக்ட் ஆள் கல்லூரியைச் சேர்ந்தவரா என்று ஒரு கேள்வி இருக்கிறது, ஆட்சிக்குழுவைக் கேட்க வேண்டும், எதற்கும் ஜெபித்துவிட்டு என்று ஆரம்பித்தார்.

"நீ ஜெபம் பண்ணு லே. நாங்க அடக்கம் பண்ணுதோம்" என்றார் இவர்.

தகரத்தை எடுத்துப் பார்த்தால் குழி கட்டை. இவர் அளவுக்கு வெட்டினது, அந்த மனிதரோ உயரம். பெட்டி போகாது. காண்டிராக்ட் ஆட்கள் தயங்கி நின்றார்கள். இவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு என்னை ஒரு பார்வை பார்த்தார். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். உள்ளே இறங்கி, கால்மாட்டில் கொஞ்சம் கொஞ்சமாக மண்ணைக் கொத்தி இடம் உண்டாக்கினார். இரண்டு கொத்துக்கு ஒரு தரம் சுவரில் சாய்ந்து மூச்சு வாங்கினார். எத்தனையோ பேருக்கு முறை எழுதிப் போட்டவர் கடைசியாக மம்பட்டி பிடித்தது அன்றைக்குத்தான். சாயங்காலம் அந்தப் பெண் எங்கிருந்தோ கொஞ்சம் அரிசி வாங்கிக் கஞ்சி வைத்துக் கொண்டுவந்து, எங்கள் வாசலில் நின்றாள். வழக்கத்தை அவள் புருஷனிடம் இவர்தான் சொல்லியிருக்க வேண்டும். இவர் வாங்கிக் குடித்தார். வயிற்றில் எதுவும் தங்காத நாட்கள் அவை. அந்தக் கஞ்சி தங்கியது.

ஐப்பசியில், அடைமழையில், இவர் போனார். நான் மோர் கலக்கிக்கொண்டு வருவதற்குள் போய்விட்டார்.

எங்கே வெட்டுவது என்பதில் குழப்பம் இல்லை, அந்த மனிதருக்குப் பக்கத்தில்தான். யார் வெட்டுவது? நான் முதல்வரின் அறைக்குப் போய் நின்றேன். அதுவரைக்கும் எவரிடமும் எதற்கும் போய் நின்றதில்லை. பிள்ளைகளை வெட்டச் சொல்லுங்கள் என்று கேட்டேன். அவர் அழுதார். உண்மையாகவே அழுதார். பிள்ளைகளுக்குப் பரீட்சை, யாராவது போட்டோ எடுத்துப் போட்டுவிட்டால் தாய் தகப்பன் சண்டைக்கு வருவார்கள், அதெல்லாம் போகட்டும், நானே இறங்கத் தயார் டீச்சர், ஆனால் இந்த மழையில் மண் சரிகிறது, ஆள் இறங்கினால் ஆபத்து என்றார். எல்லாம் நியாயம்தான். நியாயமாகப் பேசுகிறவரிடம் எப்படிச் சண்டை போடுவது? பழைய மாணவர்கள் துபாயிலிருந்தும் திருப்பூரிலிருந்தும் கைகூப்பின படமும் மெழுகுதிரிப் படமும் அனுப்பிக்கொண்டிருந்தார்கள். வருகிறேன் என்றவர்கள் வந்து சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது.

ஜேசிபி வந்தது.

கல்லறைத் தோட்டத்து வாசல் பெட்டி தூக்குகிறவர்கள் நடந்து போகிற அகலம்தான். மேற்குச் சுவரை உடைத்தார்கள். இவர் மாணவராக இருந்தபோது அவருடைய வகுப்பு கட்டின சுவர் அது. ஒரே இடியில் விழுந்தது. பிறகு அந்த இரும்புக் கை மழைக்குள் இறங்கி ஏறி, இறங்கி ஏறி, ஒரு பீடி குடிக்கிற நேரத்துக்குள் குழி தோண்டிவிட்டது. மூன்று பேரைப் போடலாம் போல அவ்வளவு பெரிசு. மூலை என்று ஒன்றுமே இல்லை. அதற்குள் என் வீட்டுக்காரரின் பெட்டியை இறக்கியபோது சின்னப் பிள்ளையின் பெட்டி மாதிரி இருந்தது. புது மாணவர்கள் குடை பிடித்துக்கொண்டு ஒழுங்காக வரிசையில் நின்றார்கள். நன்றாகப் பாடினார்கள்.

முதல் பந்திக்கு யாரை உட்கார வைப்பது என்று வந்தபோது, நான் ஜேசிபி ஓட்டின ஆளைக் கூப்பிட்டேன். அவர் வேண்டாம், வேறு இடத்தில் வேலை இருக்கிறது என்றார். நான் விடவில்லை. கை கழுவி, இலைக்கு முன்னால் தனியாக உட்கார்ந்தார். ஐயரும் முதல்வரும் பெரியவர்களும் நின்றுகொண்டிருக்க, தான் மட்டும் சாப்பிடுவது அவருக்குக் கூச்சமாக இருந்தது. கையில் ஒரு கீறல்கூட இல்லை. நான் ரசம் ஊற்றினேன். "போதும்மா, போதும்மா" என்று அவசரமாகச் சாப்பிட்டுவிட்டு எழுந்து போனார். பின்னாலேயே வண்டி சத்தம் கேட்டது. அதுவரைக்கும் நான் அழவில்லை. அப்போது அழுதேன்.

இடித்த சுவரை இன்னும் கட்டவில்லை. ஆட்சிக்குழுவில் பேசியிருக்கிறார்களாம். ஆடு மாடு உள்ளே வருகிறது. தை பிறந்ததும் ஒரு ஞாயிற்றுக்கிழமை போனபோது, அந்த மாஞ்சோலைக்காரர் மனைவி உடைமுள்ளை வெட்டி இழுத்து வந்து இடைவெளியில் போட்டுக்கொண்டிருந்தாள். அவளுக்கு இப்போது இங்கே பெருக்குகிற வேலை. அவளோடு நான் அதுவரை இரண்டு வார்த்தை சேர்ந்தாற்போல் பேசினதில்லை. செருப்பைக் கழற்றிவிட்டு முள்ளின் மறு நுனியைப் பிடித்தேன்.

"குத்திரும் டீச்சரம்மா."

"குத்தட்டும்."

அவள் புருஷன் குழி நேர்க்கோடாக, மூலை மூலையாக, பிள்ளைகள் வெட்டின மாதிரியே மேடு கட்டி நிற்கிறது. இவருடையது மண் இறங்கி, பள்ளமாகி, தண்ணீர் தேங்கிக் கிடக்கிறது. பார்க்கிறவர்களுக்கு எது வேலை சாருடையது என்று தெரியாது. பூ கொண்டு போனால் நான் இரண்டிலும் வைக்கிறேன். முதலில் எதில் வைக்கிறேன் என்பதை யாரிடமும் சொல்வதில்லை.

முள் வாரா வாரம் காய்ந்து சரிந்துவிடுகிறது. வாரா வாரம் போடுகிறோம். போன ஞாயிற்றுக்கிழமை அவள் என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்.

"டீச்சரம்மா, நமக்கு அந்த மெஷினு வேண்டாம். நீங்க முந்திக்கிட்டா நான் வெட்டுதேன். நான் முந்திக்கிட்டா நீங்க வெட்டுங்க."

பெண்களுக்குக் குழி முறை இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். எழுதிப் போடப் பலகையும் இல்லை, எழுதுகிற ஆளும் இல்லை.

"எனக்கு முட்டு வலி. குனிய முடியாது. அதனால நீ பிந்தித்தான் வரணும், பாத்துக்கோ" என்றேன்.

அவள் முள்ளைக் கீழே வைத்துவிட்டு நிமிர்ந்தாள்.

"அப்ப எனக்கு யாரு வெட்டுவா?"

இன்னும் ஒரு கட்டு முள் மீதி கிடந்தது. ஆளுக்கொரு பக்கம் பிடித்து இழுத்துப் போட்டோம்.